மறு: ‘சானிடைஸ்’ – களையெடுத்தலா, சலித்தெடுத்தலா?

வணக்கம். இணையதளத்துக்குப் பயனர் அனுப்பும் பதிவிலிருந்து ஆபத்தான நிரலை நீக்குவதை ஆங்கிலத்தில் ‘சானிடைஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது வந்த யோசனை இது:

> களையெடுத்தல் என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தலைகீழாகப் புரியும். களையெடுப்பவர் கெட்டதைத் தேடிப் பிடுங்குகிறார். அவருக்கு அடையாளம் தெரியாதது தப்பிவிடும். 2005-இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் நடந்தது இதுதான். பயனர்கள் தங்கள் பக்கத்தில் நிரல் ஓட்டாமலிருக்க, ‘ஜாவாஸ்கிரிப்ட்’ (உலாவியில் ஓடும் நிரல்மொழி) என்ற சொல்லைத் தளம் தடுத்து வைத்திருந்தது. சாமி புழுவை (பக்கம் பக்கமாகத் தானே பரவும் நிரல்) எழுதியவர் அந்தச் சொல்லின் நடுவே வரியை முறித்துவிட்டார். தடுப்புக்கு அது பிடிபடவில்லை. சில உலாவிகள் சேர்த்துப் படித்துக்கொண்டன. ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சம் பக்கங்களுக்குப் பரவிவிட்டது.

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இந்த வேலையைச் செய்யும் கேசெஸ் என்ற பகுதி அப்படித் தேடுவதில்லை. அதன் கையில் இருப்பது அனுமதிப் பட்டியல். பட்டியலில் இல்லாத குறிச்சொல் (‘டேக்’, பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் குறி) நிற்காது, அதோடு ஒட்டிய பண்பும் (‘ஆட்ரிப்யூட்’) நிற்காது. பதிவில் ஒரு படத்தைப் போட்டு, அதோடு ‘ஆன்எரர்’ பண்பையும் (படம் வராவிட்டால் ஒரு நிரலை ஓட்டச் சொல்வது) ஒட்டி அனுப்பினால் படம் இருக்கும், ஆன்எரர் போய்விடும். ஸ்கிரிப்ட் குறிச்சொல்லைப் போட்டால் குறிச்சொல் மட்டும் போகும். உள்ளே இருந்த நிரல் வெறும் எழுத்தாகப் பக்கத்தில் கிடக்கும். ஆபத்தில்லை, பார்க்கத்தான் அசிங்கம். ஆக, எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். சல்லடை செய்வதும் அதைத்தானே? அதனால் சலித்தெடுத்தல் என்கிறேன்.

வடிகட்டலை நானும் யோசித்தேன். தேதிவாரியாக, வகைவாரியாகப் பட்டியலைச் சுருக்கும் ‘ஃபில்டர்’ பொத்தானுக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. தூய்மையாக்கல் அழகான சொல்தான், ஆனால் என்ன நடந்தது என்று அது சொல்லாது.

மொரிசியசில் எங்களுக்கு இது அவசரத் தேவை. தைப்பூசக் காவடி நெருங்கினால் கோயில் தளங்களுக்கு இளைஞர்கள் அறிவிப்பு எழுதி அனுப்புவார்கள். பலருக்கு வீட்டில் கிரியோல், தமிழ் பள்ளியில் படித்தது. தளத்தில் பதிப்பாசிரியர் (‘எடிட்டர்’), நிர்வாகி நிலையில் இல்லாதவர் வீடியோவை ஐஃப்ரேமாக (வேறு தளத்தின் பக்கத்தை உள்ளே காட்டும் குறிச்சொல்) ஒட்டினால் அது சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது. (யூடியூப் என்றால் முகவரியை மட்டும் தனி வரியில் போட்டால் போதும், இதை உதவிப் பக்கத்தில் சேர்க்க வேண்டும்.) “உங்கள் பதிவு சலித்தெடுக்கப்பட்டது, அனுமதியில்லாத குறிச்சொற்கள் நீக்கப்பட்டன” என்று ஒரு வரி வந்தால் அந்தப் பிள்ளைக்குக் காரணம் தெரியும்.

‘சலிப்பு’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், அலுப்பு என்ற பொருள் வந்துவிடும். பெயராக வேண்டுமானால் ‘சல்லடை’.

அப்புறம், ‘எஸ்கேப்’ இதில் சேராது. அங்கே எதுவும் நீக்கப்படுவதில்லை. ‘<’ போன்ற குறி கட்டளையாக இயங்காமல் வெறும் எழுத்தாகத் தெரியும்படி மாறுகிறது, அவ்வளவுதான். அதற்கு ‘எழுத்தாக்கல்’ சரிவருமா? அக்கா, முந்தைய அகராதிப் பணியில் இதற்கு வேறு சொல் வைத்திருந்தால் அனுப்புங்கள்.