மறு: 'பிலே'க்குத் தமிழ்: காப்புக்கயிறா, வடம்பிடியா?

அனைவருக்கும் வணக்கம். மலையேற்றச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் மடலாடலில் 'பிலே' (belay) பற்றி வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> மலையேற்றத்தில் பிலே என்பதற்குக் காப்புக்கயிறு என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். பிலே என்பது கயிறு அல்ல, ஓர் ஆள் செய்கிற வேலை. ஒருவர் ஏறும்போது மற்றவர் ஓரிடத்தில் அசையாமல் நின்று, கயிற்றைத் தன் இடுப்பிலோ பாறையிலோ துளையுள்ள உலோகத் தட்டிலோ உரசவிட்டு, அவர் விழுந்தால் அந்தப் பாரத்தை நிறுத்துகிறார். கயிறு இருந்தும் இந்த வேலை நடக்காமல் போகலாம். 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மாட்டர்ஹார்ன் உச்சியை முதன்முதலாகத் தொட்டு இறங்கிய ஏழு பேரும் வரிசையாகக் கயிற்றில்தான் கட்டியிருந்தார்கள். அவர்களில் ஹாடோ வழுக்கி குரோஸ் மேல் விழுந்தார். அந்த இழுப்பில் ஹட்சனும் டக்ளஸும் போனார்கள். டக்ளஸுக்கு மேலே கயிறு அறுந்தது. மிஞ்சியவர்கள் மூன்று பேர். இதைப் படித்துவிட்டு அந்தக் கயிற்றுக்குக் 'காப்பு' என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

> வடம்பிடி?

வடம் பிடிப்பது என்றால் தமிழ்க் காதுக்குத் தேர் இழுப்பதுதான். இங்கே இழுக்கிற வேலையே கிடையாது, ஓடுகிற கயிற்றை நிறுத்துகிற வேலைதான். இன்னொருவர் சொன்ன 'பிணை' எனக்கும் பிடித்திருந்தது. கட்டுவது, ஒருவருக்காகப் பொறுப்பேற்று நிற்பது என்ற இரண்டு பொருளும் அதில் உண்டு. ஆனால் இன்று பிணை என்றால் நீதிமன்ற வாசல்தான் கண்ணில் வருகிறது.

என் பரிந்துரை: தாங்குபிடி. செய்பவர் தாங்குநர். வினையாக வெறும் 'தாங்கு' போதும்.

காரணம் சொல்கிறேன். 1953 ஆகஸ்ட் 10, உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே2. காலில் இரத்தம் உறைந்து நடக்க முடியாமல் போன கில்கி என்ற வீரரைத் தூங்கும் பைக்குள் வைத்துக் கட்டிக் கயிற்றில் இறக்குகிறார்கள். மேலே குழுவைச் சேர்ந்த பெல் வழுக்கினார். கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கி, மொத்தம் ஐந்து பேர் சரிவில் போய்க்கொண்டிருந்தார்கள். பீட் ஷேனிங் ஒருவர், பாறைக்குப் பின்னால் செருகிய பனிக்கோடாரியிலும் தன் இடுப்பிலும் கயிற்றைச் சுற்றி அத்தனை பேரையும் நிறுத்தினார். இதைத் தமிழில் சொல்லச் சொன்னால் யாராக இருந்தாலும் 'தாங்கினார்' என்றுதான் சொல்வோம்.

தாங்குதலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் இந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. 'இந்தக் கொம்பு தாங்காது, இறங்கு' என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அதே வினை. 'காப்பு'க்குள் அந்த எல்லை இல்லை. நெருக்கடியில் முடிவெடுப்பது முழுக்க அந்த எல்லையைச் சுற்றித்தான். பெரு நாட்டின் சியூலா கிராண்டே (6,344 மீட்டர்), 1985: ஜோ சிம்ப்சனுக்குக் கால் முறிந்துவிட்டது. சைமன் யேட்ஸ் இரண்டு 45 மீட்டர் கயிறுகளை முடிந்து, பனியில் குழி தோண்டி அதில் உட்கார்ந்து, அவரைத் தவணை தவணையாக இறக்கினார். நடுவில் உள்ள முடிச்சு தட்டின் துளையில் நுழையாது. ஒவ்வொரு முறையும் சிம்ப்சன் நல்ல காலில் நின்று கயிற்றைத் தளர்த்திக் கொடுத்தால்தான் யேட்ஸ் முடிச்சை மறுபக்கம் மாற்றிப் பூட்ட முடியும். ஒரு தடவை சிம்ப்சன் பாறை விளிம்பு தாண்டி அந்தரத்தில் தொங்கினார். கால் ஊன்ற இடமில்லை. மேலே ஏற இரண்டு கவ்வுமுடிச்சு வளையங்கள் (பாரம் ஏறினால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும் முடிச்சு) வேண்டும். விறைத்த விரல்களிலிருந்து ஒன்று நழுவிப் போயிற்று. யேட்ஸுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது, குரலும் எட்டவில்லை. உட்கார்ந்திருந்த பனிக்குழி உதிர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் கயிற்றை அறுத்தார். பனிப்பிளவுக்குள் விழுந்த சிம்ப்சன் அதிலிருந்து வெளியேறித் தவழ்ந்தே முகாம் வந்தது தனிக் கதை. அறுத்தது சரியா என்று இன்றும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த இருக்கை தாங்கியிருக்காது. அறுக்காவிட்டால் இருவருமே போயிருப்பார்கள்.

> தாங்கல் என்றால் சுருக்கமாக இருக்குமே?

வேடந்தாங்கல் இருக்கிறதே ஐயா. தாங்கல் என்றால் ஏரி.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்தச் சொற்களைக் காற்றிலும் மூடுபனியிலும் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். போன மடலில் வந்த 'பிடி – விடு' ஜோடி தாளில் அழகு, மலையில் ஆபத்து. இரண்டும் ஈரெழுத்து, ஓசையும் கிட்டத்தட்ட ஒன்று. நாற்பது மீட்டர் கீழே நிற்பவருக்கு 'இடி' என்று மட்டும் கேட்டால் அவர் என்ன செய்வார்? 'விடு' என்ற சொல்லே கட்டளைப் பட்டியலில் வேண்டாம் என்பேன். பாரத்தை ஏற்கச் சொல்ல 'தாங்கு', கயிறு கொடுக்கச் சொல்ல 'தளர்த்து'. ஒன்று நெடிலில் தொடங்குகிறது, மற்றது நீளமாக ஒலிக்கிறது. முதலெழுத்து ஒன்றாக இருப்பது எனக்கும் உறுத்துகிறது. இதைவிட நல்ல ஜோடி இருந்தால் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ராப்பெல் (கயிற்றைப் பற்றிச் சரிவில் இறங்குவது) = கயிற்றிறக்கம், எல்லாரும் ஒப்புக்கொண்டாயிற்று. ஆங்கர் (கயிற்றைப் பாறையிலோ பனியிலோ பிணைக்கும் உறுதியான பிடிமானம்) = நங்கூரம், கப்பல்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 1931இல் ஆஸ்திரியாவின் கார்ல் புரூசிக் அறிமுகப்படுத்திய முடிச்சை மேலே கவ்வுமுடிச்சு என்றே எழுதிவிட்டேன். பாரம் இல்லாதபோது கயிற்றில் நகரும், பாரம் ஏறினால் கவ்விக்கொள்ளும். 'சுருக்கு' வேண்டாம், நம் உருவாஞ்சுருக்கோடு குழம்பும். தேனெடுப்பவர்களின் ஏணிக்குச் சங்கப் பாடல்களில் வரும் 'மால்பு' இனிய சொல்தான். ஆனால் அது ஏணி, இங்கே பொருந்தாது.

பெயர் முடிவாகாமல் நிற்பது ஒன்று. தொங்குகிறவரின் பாரத்தைக் கவ்வுமுடிச்சு வழியாக நங்கூரத்துக்கு மாற்றிவிட்டு, தாங்குநர் கை காலியாக வெளியே வந்து உதவிக்குப் போகும் முறை. மீட்புப் பயிற்சியில் முக்கியமான பாடம். நல்ல நங்கூரம் கிடைத்தால்தான் செய்ய முடியும். யேட்ஸுக்கு அது இல்லை. 'பாரமாற்று' என்று எழுதிப் பார்த்தேன். பாரம் மாறுவதை அது சொல்கிறது, ஆள் விடுபடுவதைச் சொல்லவில்லை. டார்ஜிலிங், உத்தரகாசிப் பக்கம் மலையேற்றப் பயிற்சிக்குப் போய்வந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்களே, உங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்ளும்போது இதை எப்படிச் சொன்னீர்கள்?