புதிய .22 குழலை முதல் நாளில் எப்படிப் பழக்குவது?

வெள்ளவத்தைச் சுடுநர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சுடுகைக் கழகத்தில், 50 மீற்றர் தூரப் போட்டிக்கான .22 றைபிள் (குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம்) ஒன்றுக்குப் புதிய குழல் பொருத்தப்பட்டு, அதை முதலில் சுடும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு முறை குழலின் உட்புறத்தைத் துடைக்க வேண்டும், பத்து வெடி கடந்தபின் ஐந்துக்கு ஒரு முறை போதும் என்று ஒருவர் சொல்கிறார்; மற்றவரோ துடைக்கவே வேண்டாம் என்கிறார். இலக்குத் தாளில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீற்றர்தான் என்பதால், தொடக்கத்திலேயே குழலைக் கெடுத்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். எவர் சொல்வதைக் கேட்பது?

தெஹிவளை மூத்தவர்:

தம்பி, முதலாமவர் சொன்ன முறை செம்புறை போர்த்த சன்னங்களை, அதாவது குண்டுகளை, சுடும் பெரிய றைபிள்களுக்கு உரியது. ரவை (தோட்டா) அமரும் அறையைக் குடையும் கருவி, அதை அடுத்துள்ள குழலின் தொண்டைப் பகுதியில் குறுக்காக நுண்ணிய கீறல்களை விட்டுவிடும். நொடிக்கு 800 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் பாயும் சன்னத்தின் செம்பை அவை சுரண்ட, அந்தச் செம்பு முன்னாலுள்ள புரிகளில், அதாவது குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களில், படிகிறது. முதல் சில வெடிகளில் கீறல்கள் மழுங்கும்வரை செம்பின் மேல் செம்பு ஏறாதிருக்கவே இடையிடையே துடைக்கிறார்கள். .22 ரவையின் சன்னமோ மெழுகோ கொழுப்போ பூசிய ஈயம்; போட்டி ரவைகளின் வேகமும் நொடிக்கு ஏறத்தாழ 330 மீற்றர்தான். செம்பகற்றும் அமோனியாத் திரவத்துக்கு இங்கே வேலையில்லை.

உங்கள் குழலுக்கு வேண்டியது, அந்த மெழுகு உள்ளே சீராகப் படிவதுதான். பாதுகாப்புக்காகப் பூசி அனுப்பிய எண்ணெயை, துணி உலர்ந்து வரும்வரை துடைத்தெடுத்துவிட்டு, ஒரே வகை ரவையில் ஐம்பது வெடி சுடுங்கள். ரவையின் வகையை மாற்றினால் மெழுகும் மாறும். அப்படி மாற்றிய ஒரு நாளில் என் முதல் பதினைந்து வெடிகள் தாளில் அங்குமிங்குமாகச் சிதறி, அதன்பின்பே ஒரே துளையை நோக்கி நெருங்கி வந்தன.

கொட்டாஞ்சேனை உறுப்பினர்:

மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆயினும் துடைக்கவே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். அறைக்குச் சற்று முன்னால், புரி தொடங்கும் இடத்தில், கரியும் ஈயமும் சேர்ந்து கெட்டியான வளையமாக இறுகிவிடும். துணியைத் தள்ளும்போது அந்த ஓரிடத்தில் மட்டும் கை தடைப்படுவதை உணரலாம். துணியிலும் சாம்பல் நிறச் செதில்கள் ஒட்டி வரும். அந்த இடத்தைக் கரைப்பான் ஊற விட்டுத் துடைப்பதே அறிவு.

துணியைத் தள்ளும் கம்பியை எப்போதும் அறைப் பக்கத்திலிருந்தே, வழிகாட்டிக் குழாய் பொருத்திச் செலுத்துங்கள். நான் பழகிய காலத்தில், மூன்று துண்டாகக் கழற்றிப் பூட்டும் கம்பியைக் குழல்வாய் வழியே விட்டுத் தேய்த்து, வாய்விளிம்பின் ஒரு பக்கத்தை மழுக்கிவிட்டேன். சன்னம் கடைசியாக விட்டுப் பிரியும் இடம் அது. அதன்பின் அந்த றைபிள் முன்புபோல் சுடவேயில்லை. அதிகச் சுடுகையால் கெட்ட .22 குழல்களைவிடக் கம்பியால் கெட்டவையே என் கண்ணில் அதிகம் பட்டிருக்கின்றன.

இரத்மலானைச் சுடுநர்:

கொழும்பில் இருப்பவர்கள் ஈரத்தை மறந்துவிடக்கூடாது. துருப்பிடிக்காத உருக்கு என்று பெயர் இருந்தாலும், குழலுக்குப் பயன்படும் வகை உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாகத் துருவேறும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த றைபிளை வெளியே வந்தவுடன் உறையிலிருந்து உருவினால், குளிர்ந்த தேநீர்க் குவளையைப்போல் குழல் வியர்ப்பதைக் காணலாம். மூடிய உறையிலேயே அரைமணி நேரம் விட்டு, வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள். தோலுறையிலோ பஞ்சு வைத்த பெட்டியிலோ நாட்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். அவை ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும்.

வெள்ளவத்தைச் சுடுநர்:

மூவருக்கும் நன்றி. ஒரே ஓர் ஐயம்: சேமிப்புக்காக எண்ணெய் பூசி வைத்தால், போட்டி நாளில் முதல் வெடிகள் விலகாவா?

தெஹிவளை மூத்தவர்:

விலகும் தம்பி. ஆகவே மெல்லிய படலமாக மட்டும் பூசி, போட்டிக்கு முன் இரண்டு உலர் துணிகளைச் செலுத்துங்கள். ஆயத்தத்துக்கும் குறிபார்ப்புக்கும் தரப்படும் 15 நிமிடத்தில் பத்துப் பதினைந்து வெடி சுட்டு, குழல் பழைய நிலைக்குத் திரும்பியதைத் தாளில் கண்டபின் குறிகாட்டியைத் திருத்துங்கள். அதற்கு முன் அதைத் தொடாதீர்கள்.