முன்முற்றம் பாத்திக்கா, பயிற்சிக்கா? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

(குழு: வீட்டார்; உப்புவெளி, தம்பலகாமம், நகரம் எல்லாம் இலங்கையின் திருகோணமலைப் பக்கம்)

சின்னம்மா (உப்புவெளி), காலை 6.48
அனைவருக்கும் காலை வணக்கம். சித்திரை பிறந்து ஒரு கிழமை ஆகிறது. நம் வளவுக் கொன்றை இந்த முறை இலையே தெரியாத அளவுக்குப் பூத்துத் தொங்குகிறது. நேற்று மாலை மல்லிகை மொட்டு மட்டும் ஒரு சுளகு நிறையப் பறித்தேன். தையில் நட்ட கத்தரி காய்க்கிறது, பயற்றங்கொடி பந்தலைத் தாண்டிவிட்டது. இந்த உற்சாகத்தில்தான் ஒன்று கேட்கிறேன். கிணற்றுக்கும் விறாந்தைக்கும் நடுவே சும்மா கிடக்கும் முன்முற்றத்தையும் கொத்திப் பாத்தி கட்டினால் வெண்டியும் மிளகாயும் வைக்கலாம். ஆனால் அங்கேதான் மகள் நாள்தோறும் கராத்தே பழகுகிறாள். சனி, ஞாயிறுகளில் தம்பியும் சிலம்பக் கம்போடு வந்துவிடுகிறான். என்ன செய்யலாம் என்று பெரியவர்கள் சொல்லுங்கள்.

தங்கை, காலை 6.55
அம்மா, முற்றம் சும்மா கிடக்கவில்லை என்பதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன். எங்கள் வகுப்பில் முதலாவதாகக் கற்றுத்தரும் ஹெயான் ஷோடான் என்ற கட்டாவில் (தனியாகச் செய்து பழகும் அசைவுத் தொடர்) 21 அசைவுகள் உள்ளன. இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஓரடி முன்வைத்துக் குத்து, முழுதாகப் பின்னே திரும்பி வலப்பக்கமும் அவ்வாறே; அதன்பின் நேரே முன்னேறி மூன்று மேல்தடுப்புகள். மூன்றாவதில் வயிற்றிலிருந்து குரல் எழுப்ப வேண்டும், அப்போதுதான் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கும். முன்காலை மடக்கி நிற்கும் முன்நிலையில் ஒவ்வோர் எட்டும் ஏறத்தாழ 3 அடி போகும் என்பதால், நெடுக்கிலும் குறுக்கிலும் பன்னிரண்டு அடியாவது வெறுமையாக இருந்தால்தான் கட்டா முடியும். பாத்தி கட்டினால் நான்காவது எட்டில் மிளகாய்க் கன்றை மிதிப்பேன், நீங்களும் ஏசுவீர்கள்.

மச்சான், காலை 6.57
👍

பெரியப்பா (நகரம்), காலை 7.03
இந்தக் குழுவில் பெருவிரலைக் காட்டுவதை விடுத்து வாக்கியமாக எழுதுமாறு எத்தனை முறை சொல்வது? கருத்து இருந்தால் எழுது, இல்லாவிட்டால் தேநீரைக் குடி.
இப்போது விடயத்துக்கு வருகிறேன். கம்புக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். கம்பு நிலத்திலிருந்து சுற்றுபவனின் நெற்றி வரை இருக்க வேண்டும் என்பது பழைய அளவு. தம்பிக்கு அது ஐந்தரை அடி. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் பிடித்தால் வெளியே மூன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலாக நீளும். அதோடு கைநீளம் 2 அடி, காலடி மாற்றும்போது உடல் நகரும் இரண்டடி ஆகியவற்றையும் கூட்டினால் நடுவிலிருந்து ஏறத்தாழ 8 அடி வருகிறது. ஆகவே 16 அடி குறுக்களவுள்ள ஒரு வட்டம் வேண்டும். மகளுடைய கட்டா அதற்குள் வசதியாக அடங்கும். வட்டத்தை விட்டுவிட்டு மிச்சத்தைக் கொத்துங்கள், யாருக்கும் மனத்தாங்கல் வராது.

நான், காலை 7.10
பெரியப்பா சொன்ன கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கம்பு சுற்றுபவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: வட்டத்துக்குள் மேலேயும் ஒன்றும் தொங்கக்கூடாது. தலைக்கு மேல் கம்பைச் சுற்றும்போது பந்தலின் பாகற்கொடி சிக்கினால் கம்பும் நிற்கும், கொடியும் அறுந்துவிடும். கொடிப்பந்தல்கள் மேற்கு மதிலோரமாகவே இருக்கட்டும்.

மாமா (தம்பலகாமம்), காலை 7.31
வயலிலிருந்து இப்போதுதான் வந்தேன், எல்லாவற்றையும் வாசித்தேன். தங்கச்சி, இடத்தைப் பற்றிப் பிள்ளைகள் பேசிவிட்டார்கள். நான் காலத்தைப் பற்றிப் பேசுகிறேன். நம்முடைய பக்கத்தில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் வாடையோடு பெய்து முடிந்துவிடுகிறது. நீ இன்று பார்க்கும் பூவும் காயும் அந்த ஈரத்தின் மிச்சம். இனி வைகாசியில் கச்சான் காற்று கிளம்பினால் மேற்கிலிருந்து வறண்டு வீசி ஆவணி வரைக்கும் இலையை முறுக்கிவிடும். இந்த நேரத்தில் மணல் முற்றத்தைப் புதிதாகக் கொத்தி இளங்கன்று வைப்பது கிணற்றைத்தான் வற்றச் செய்யும். அதிலும் உங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட இருக்கிறது. நல்ல தண்ணீர் உவர்நீரின் மேலே மெல்லிய படையாக மிதப்பதால், மோட்டாரைப் போட்டு அடிமட்டம் வரை இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலேறிவிடும். அதை ஒரு முறை கத்தரிக்கு ஊற்றினால் இலை விளிம்பு கருகும். வாளியால் அள்ளிக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று ஊற்றுவதுதான் நல்லது.

சின்னம்மா (உப்புவெளி), காலை 7.38
அப்படியானால் இப்போது ஒன்றும் நடக்கூடாதா அண்ணா? விதைப் பக்கற்றுகளை வாங்கி வைத்துவிட்டேனே.

மாமா (தம்பலகாமம்), காலை 7.46
முற்றாக வேண்டாம் என்று சொல்லவில்லை. கிழக்குப் பக்கம், விறாந்தையின் நிழல் பின்னேரத்தில் விழும் இடத்தில், 3 அடி அகலத்தில் ஒரே ஒரு பாத்தி கட்டு. ஒரு முழ ஆழம் தோண்டி, அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளைக் குழிவுப் பக்கம் மேலே பார்க்க நெருக்கி அடுக்கி, அதன்மேல் மாட்டெருவும் மண்ணும் கலந்து மூடு. மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். வெறும் மணலில் ஊற்றிய தண்ணீர் எங்கே போனதென்றே தெரியாது. அதில் வெண்டியைப் போட்டால் ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கலாம். மிளகாயைப் பழைய வாளிகளில் வை, அடியில் ஓட்டை போட மறந்துவிடாதே. பிள்ளைகள் பயிற்சிக்கு வரும்போது வாளிகளைத் தூக்கி ஓரமாக வைக்கலாம், அதுவும் ஒரு பயிற்சிதான். மிச்சப் பாத்திகளைப் புரட்டாசியில் மழைக்கு முன் கட்டு, நான் வந்து நிற்கிறேன்.

தங்கை, காலை 7.52
மாமா, வாளி தூக்கும் வேலையை அண்ணாவுக்கே எழுதிவிடுங்கள்.

அக்கா (ரொறன்ரோ), காலை 8.05
இங்கே இன்னும் சனிக்கிழமை இரவு. உங்கள் முற்றத்தை வாசித்துக்கொண்டே விழித்திருக்கிறேன். எங்கள் வீட்டு வாசலில் இப்போதுதான் டியூலிப் முளை வெளியே தெரிகிறது. மே மாதம் 25ஆம் தேதிக்கு முந்திய திங்கட்கிழமை விக்டோரியா நாள் விடுமுறை. அது கழியும் வரை தக்காளிக் கன்றை வெளியே வைக்கக்கூடாது, இரவு உறைபனி கொன்றுவிடும் என்பது இங்குள்ளவர்கள் கைக்கொள்ளும் முறை. ஆதலால் கத்தரியும் மிளகாயும் யன்னலோரத்தில் தயிர்க் கோப்பைகளில் வளர்கின்றன. சின்னவன் கராத்தேக்குப் போகிறான். குளிர்காலம் முழுவதும் நிலக்கீழ் அறையில்தான் பயிற்சி. அங்கே கட்டா செய்யலாம், கம்பு சுற்ற முடியாது, கூரை அவ்வளவு தாழ்வு. வருடம் முழுவதும் வெறுங்காலோடு முற்றத்தில் நிற்கக் கிடைப்பதன் அருமை உங்களுக்குத் தெரியவில்லை.

தங்கை, காலை 8.14
வெறுங்கால் அருமை எனக்கு நன்றாகவே தெரியும் அக்கா, ஏனென்றால் எங்கள் முற்றத்தில் நெருஞ்சி இருக்கிறது. மாரி முடிய மஞ்சள் பூவோடு அழகாகப் படரும். பங்குனி கடந்தால் அந்தப் பூ இருந்த இடத்தில் ஐந்து பிளவாக உடையும் முள்ளுக்காய் காய்ந்து மணலோடு மணலாகக் கிடக்கும். குதிகாலை ஊன்றித் திரும்பும் நேரத்தில் ஒன்று ஏறினால் முகம் தானாகவே கோணும், ஆசிரியர் அதைப் பார்த்து முகத்தில் உறுதி வேண்டும் என்பார்.
ஆனாலும் சீமெந்துத் தரையைவிட எனக்கு மணல்தான் பிடிக்கும். சீமெந்தில் பாதம் வழுக்கித் தானாகத் திரும்பிவிடும். மணலில் அப்படி நடக்காது. பாதம் புதைந்து நிற்க, உடல் மட்டும் திரும்பினால் முழங்கால் முறுகி நோகும். ஆகவே பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றி, பாதத்தைச் சற்றே கிளப்பி, பிறகு இடுப்போடு சேர்த்துத் திரும்ப வேண்டியிருக்கிறது. வகுப்பில் பல மாதம் சொல்லியும் எனக்குப் பிடிபடாத இடுப்புத் திருப்பம் இங்கேதான் பிடிபட்டது. விடிகாலையில் மணல் ஈரப்பிடிப்போடு இறுகியிருக்கும், எட்டு மணிக்கு மேல் பொலபொலத்துவிடும். அதனால்தான் நான் ஆறு மணிக்கே இறங்கிவிடுகிறேன், அம்மா நினைப்பதுபோல் சமையலறை வேலைக்குப் பயந்து அல்ல.

சின்னம்மா (உப்புவெளி), காலை 8.20
அதையும் நான் நம்பவேண்டும்.

பெரியப்பா (நகரம்), காலை 8.33
வீட்டு முற்றம் தாழ்வான பயிற்சியிடம் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. 1922இல் ஓக்கினாவாவிலிருந்து தோக்கியோவுக்கு வந்து கராத்தேயைப் பரப்பிய கிச்சின் புனாகோஷி, இளமையில் தம் ஆசிரியர் அசாதோவின் வீட்டு முற்றத்தில், இரவு நேரத்தில், மங்கிய விளக்கொளியில்தான் கட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்து பழகினார். மகள் சொன்ன ஹெயான் வரிசையின் ஐந்து கட்டாக்களும் இடோசு என்ற மற்றோர் ஆசிரியரின் கையால் உருவானவை. பினான் என்றிருந்த பெயரை ஹெயான் என்று மாற்றியவர் புனாகோஷி.
நம்முடைய கிழக்கிலும் அதே வழக்கம்தான். சிலம்படியைக் கோயில் வீதியிலும் அண்ணாவியார் என்ற ஆசானின் வீட்டு வளவிலும் பழகினார்கள். முஸ்லிம் ஊர்களில் சீனடி என்ற தற்காப்புக் கலையும் அப்படியே வளவுக்குள் வளர்ந்தது. மண்டபமும் கண்ணாடியும் வந்தது பிந்திய காலத்தில்.

நான், காலை 8.41
பெரியப்பா, கம்பு விடயத்தில் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். வெயிலில் மூங்கில் மெல்லிய வெடிப்பு விடத் தொடங்கியிருக்கிறது. சுற்றும்போது உள்ளங்கையில் கீறுகிறது.

பெரியப்பா (நகரம்), காலை 8.47
அதை இனிப் பயன்படுத்தாதே. வெடித்த கம்பு எதிர்க்கம்பில் மோதும்போது சிராம்பாகப் பிளந்து கண்ணுக்குப் போகும். அதை வெட்டிப் பயற்றங்கொடிக்கு ஊன்றுகோலாகக் கொடுத்துவிடு, சின்னம்மா மகிழ்வார். புதுக்கம்புக்குக் கிழமைக்கு ஒருமுறை நல்லெண்ணெய் பூசி நிழலில் படுக்கையாக வை. மதிலில் சாய்த்து வைத்தால் வளையும்.

மச்சான், காலை 8.52
பெரியப்பாவின் கட்டளைப்படி வாக்கியமாகவே கேட்கிறேன். முற்றத்துக்குப் படலை இல்லையே, கட்டாக்காலி மாடுகள் வந்து பாத்தியை மேய்ந்தால் யார் கம்பு எடுப்பது?

பெரியப்பா (நகரம்), காலை 8.56
நல்ல கேள்வி, நல்ல வாக்கியம். உங்களுக்கு மாடு, எங்களுக்குக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள். இரவில் வீதி வழியே கூட்டமாக வந்து என்னுடைய பசளியை ஒரு கொடி மிச்சமில்லாமல் தின்றுவிட்டுச் செவ்வரத்தைக் குருத்தையும் கடித்துப் போகின்றன. சுற்றுலா வருபவர்கள் அவற்றைப் படமெடுக்கிறார்கள், நான் வேலியைக் கட்டுகிறேன். ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: பழைய மீன்வலையைத் தொங்கலாகக் கட்டவேண்டாம். கொம்பும் காலும் சிக்கி விலங்கு இழுபடும், பார்க்கச் சகிக்காது.

மாமா (தம்பலகாமம்), காலை 9.04
வேலிக்குக் கிளிசரியாத் தடி கொண்டுவருகிறேன். மழைக்கு முன் ஊன்றினால் துளிர்க்கும், தழை பாத்திக்குப் பசளையாகும். அதுவரைக்கும் பனை மட்டையால் ஒரு படலை கட்டினால் போதும்.

சின்னம்மா (உப்புவெளி), காலை 9.15
சரி, எனக்கு விளங்கிவிட்டது. வட்டம் அப்படியே இருக்கட்டும், கிழக்கில் ஒரு பாத்தி, மிளகாய் வாளியில். உண்மையைச் சொன்னால், பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று நானும் முதலில் முணுமுணுத்தவள்தான். இப்போது காலையில் அவள் உடலை இளக்கும்போது மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நானும் கூட நின்று செய்கிறேன். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி வாளியைத் தூக்கும் முறையை அவள்தான் சொல்லித்தந்தாள். கிணற்றடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது குறைந்திருக்கிறது.

அக்கா (ரொறன்ரோ), காலை 9.18
சின்னம்மா முன்நிலையில் நிற்பதை யாராவது காணொளி எடுத்து அனுப்பினால்தான் நான் நித்திரைக்குப் போவேன்.

தங்கை, காலை 9.21
எடுத்துத் தருகிறேன் அக்கா, ஆனால் அம்மா குத்தும்போது கையில் பூவாளி இருக்கும்.

மாமா (தம்பலகாமம்), காலை 9.30
புதன்கிழமை பொச்சுமட்டை இரண்டு சாக்கும் எருவும் ஏற்றிவருகிறேன். பாத்தி விளிம்பு வட்டத்துக்கு வெளியே நிற்கும்படி இன்றைக்கே நடுவில் ஒரு முளை அடித்து 8 அடிக் கயிற்றைக் கட்டிச் சுற்றிக் கோடு கீறி வையுங்கள். கோடு கீறிய பிறகு முளையைப் பிடுங்கிவிட வேண்டும்.

நான், காலை 9.33
நான்கு மணிக்கு வருகிறேன் சின்னம்மா. கயிறு என்னிடம் இருக்கிறது. நெருஞ்சி பிடுங்க மண்வாரியும் ஒரு பழைய சாக்கும் எடுத்து வையுங்கள். ஈரச் சாக்கை மணலின்மேல் இழுத்தால் உதிர்ந்த முள்ளெல்லாம் அதில் குத்திக்கொண்டு வந்துவிடும்.

சின்னம்மா (உப்புவெளி), காலை 9.36
சாக்கு இருக்கிறது. வெறும் வயிற்றோடு வாருங்கள், கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் பயற்றங்காய் வெள்ளைக்கறியும் வைக்கிறேன்.