பாஸ்ட் பெர்ஃபெக்ட்: ‘இறந்தகால வினைமுற்று’ வேண்டாம், ‘முன்னிறந்தகாலம்’ சரியா?

வணக்கம்.

ஆங்கில இலக்கணக் கையேடுகளில் பாஸ்ட் பெர்ஃபெக்டுக்கு (‘ஹேட் கான்’ போல ‘ஹேட்’ என்பதுடன் வினையின் மூன்றாம் வடிவம் சேர்வது) ‘இறந்தகால வினைமுற்று’ என்ற பெயர் வழங்குகிறது. இதைக் கைவிட வேண்டும். தமிழில் வினைமுற்று என்பது வாக்கியத்தை முடித்துவைக்கும் வினை. ‘வந்தான்’ முற்று, ‘வருவான்’ என்பதும் முற்றுதான், ‘வந்து’ எச்சம். செயல் முடிந்ததா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. படிப்பவரோ ‘முற்று’ என்றதும் ‘முடிந்துவிட்டது’ என்று கொள்கிறார். முடிந்த எல்லாவற்றுக்கும் ‘ஹேட்’ போடுகிறார். ‘ஐ வென்ட் தேர் யெஸ்டர்டே’ என்று நிற்க வேண்டியது ‘ஐ ஹேட் கான் தேர் யெஸ்டர்டே’ ஆகிவிடுகிறது.

‘ஹேட்’ காட்டுவது வரிசையை. கடந்துபோன ஒன்றுக்கும் முன்னால் நடந்தது எது என்பதை. எனவே ‘முன்னிறந்தகாலம்’ என்று முன்மொழிகிறேன்.

அன்புடன்.

---

> முடிந்த எல்லாவற்றுக்கும் ‘ஹேட்’ போடுகிறார்

பெயர் மட்டும் காரணமில்லை ஐயா. நம் ‘இருந்தான்’ இன்னும் பெரிய காரணம். ‘நேற்று அங்கே போயிருந்தேன்’ என்பது தமிழில் இயல்பான பேச்சு. அதற்குப் பிந்திய நிகழ்வு எதையும் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தில் அது வெறும் ‘வென்ட்’. ‘நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்’ என்றால் ‘வாஸ் சிட்டிங்’. ‘நீலச் சட்டை போட்டிருந்தான்’ என்றால் ‘வாஸ் வேரிங்’. ‘நான் போனபோது அவர் கிளம்பியிருந்தார்’ என்பதற்குத்தான் ‘ஹேட் லெஃப்ட்’. ஒரே ஈற்றுக்கு மூன்று வகை மொழிபெயர்ப்பு.

தொடர்வினையில் இன்னொரு சிக்கல். ‘காத்துக்கொண்டிருந்தேன்’ என்பது ‘வாஸ் வெயிட்டிங்’ ஆகவும் வரும், ‘ஹேட் பீன் வெயிட்டிங்’ ஆகவும் வரும். ‘இரண்டு மணி நேரமாக’ என்று ‘ஆக’ சேர்ந்தால் பெரும்பாலும் இரண்டாவது. ‘இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்’ என்றால் ‘வெயிட்டெட்’ போதும். இதைக் கையேடுகள் சொல்வதே இல்லை. சொன்னால் பாதிப் பிழை குறையும்.

பெயருக்கு என் ஆதரவு உண்டு.

---

எனக்கு இரண்டு தயக்கங்கள். ‘போயிருந்தால் பார்த்திருப்பேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘இஃப் ஐ ஹேட் கான்’. அங்கே எதற்கு முன்? நடக்கவே இல்லையே. அடுத்து, ‘இறந்த’ என்ற சொல் சாவை நினைவூட்டுகிறது என்று சிலர் ‘கடந்தகாலம்’ என்கிறார்கள். ‘முன்கடந்தகாலம்’ ஆகாதா?

---

‘இஃப்’ பற்றிய கேள்வி நியாயமானது. பெயர் வடிவத்துக்கு உரியது. அந்த வடிவம் நடவாததைச் சொல்லவும் பயன்படுகிறது. தமிழிலும் ‘போயிருந்தால்’ என்று ‘இரு’ வந்துதான் அதைச் சொல்கிறது. ஆகவே கற்பவருக்கு அது குழப்பம் தராது.

‘இறத்தல்’ என்பதற்குக் ‘கடந்துபோதல்’ என்பதே பழைய பொருள். இலக்கணத்தில் ஊன்றிய சொல்லை மாற்ற வேண்டாம்.

பயிற்சியை இந்தப் பெயரை வைத்தே அமைக்கலாம். பத்து வாக்கியப் பத்தி ஒன்றை முழுக்க இரண்டாம் வடிவத்தில் (வென்ட், சா, லெஃப்ட்) எழுதச் சொல்லுங்கள். நடந்த வரிசைப்படி ஒவ்வொரு வினைக்கும் எண் இடட்டும். எண்கள் ஏறிக்கொண்டே போனால் ‘ஹேட்’ வேண்டாம். 5க்குப் பிறகு 3 வந்தால், அந்த 3 மட்டும் ‘ஹேட்’ பெறும். வினை மூன்றாம் வடிவத்துக்கு மாறும். ‘ஹேட் வென்ட்’, ‘ஹேட் கேம்’ என்ற பிழைகள் தலைகாட்டுவது இந்த இடத்தில்தான். ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ வரிசையைக் காட்டிவிட்டால் ‘ஹேட்’ பெரும்பாலும் விருப்பம்.

‘வென்’ வந்தால் கவனம் தேவை. ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் லெஃப்ட்’ என்றால் நான் போய்ச் சேர்ந்ததும் ரயில் கிளம்பியது. ‘ஹேட் லெஃப்ட்’ என்றால் ரயிலை ஏற்கெனவே தவறவிட்டாயிற்று.

கலைச்சொல் பட்டியலில் ‘முன்னிறந்தகாலம்’, ‘முன்னிறந்தகாலத் தொடர்’ என இரண்டையும் சேர்க்கிறேன். பிரசன்ட் பெர்ஃபெக்டுக்கும் (‘ஹேவ் கான்’) ‘முற்று’தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே ‘முன்’ பொருந்தாது. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.