சிக்னலில் நின்றால் சூடாகிறது: ரேடியேட்டர் ஃபேன் ரிலேக்கு எர்த் வரவில்லை

நண்பர்களே, உதவி தேவை. பெட்ரோல் கார். ஹைவேயில் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை. நெரிசலில் நின்றால் சிவப்புக்குப் போகிறது. ஓடும்போது எதிர்க்காற்று போதும், நின்றால் ஃபேன்தான் கதி. அது ஏசி போட்டாலும் சுற்றவில்லை.

மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் நன்றாகச் சுற்றுகிறது. ஃப்யூஸ் சரி. ரிலேயும் (ஃபேனுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் மின் ஸ்விட்ச்) புதிது. ரிலே சாக்கெட்டில் 30, 86 எண் பின்கள் இரண்டிலும் 12 வோல்ட் இருக்கிறது. 85-ஆம் பின்னுக்கு ஈசியூவிலிருந்து (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எர்த் வரவில்லை. கையால் எர்த் கொடுத்தால் ஃபேன் உடனே ஓடுகிறது.

ஸ்கேனரில் 105 டிகிரி காட்டுவதால் டெம்பரேச்சர் சென்சாரைச் சந்தேகிக்கவில்லை. கூலன்ட்டும் குறையவில்லை.

85-லிருந்து ஈசியூ வரை வயரில் கன்டினியூட்டி கிடைத்தால் (வயர் அறுபடாமல் இருந்தால்), ஈசியூவுக்குள்ளே 85-க்கு எர்த் கொடுக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் போயிருக்குமா? அதை மட்டும் மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? தற்காலிகமாகத் தனி தெர்மோ ஸ்விட்ச் (சூடேறினால் தானே ஆன் ஆகும் ஸ்விட்ச்) வைத்தால் ரேடியேட்டரின் கீழ் ஹோஸிலா, மேல் ஹோஸிலா?