ஆங்கில இலக்கியத்தோடு படைப்பெழுத்தும் சேர்த்துப் படிக்கலாமா?

முகில்:
ஆங்கில இளங்கலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ஒரு கல்லூரியில் முழுக்க இலக்கியம். இன்னொன்றில் ஆங்கிலமும் படைப்பெழுத்தும் சேர்ந்த பட்டம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாள்கள் கதை, கவிதை, திரைக்கதை எழுதுவதற்கே. எழுத ஆசை உண்டு. ஆனால் கதை எழுத எதற்குப் பட்டம் என்று கேட்காத ஆள் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ரேடியோ:
கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள் தம்பி. ரஷ்யச் சிறுகதை மேதை செக்காவ் மருத்துவம் படித்தார். 'உருமாற்றம்' எழுதிய காஃப்கா சட்டம் படித்துவிட்டுக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார். 18 வயதில் எழுத என்ன சரக்கு இருக்கும்? நிறைய வாசியுங்கள், எழுத்து வருவதானால் தானாக வரும்.

வேப்பம்பூ:
இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் செக்காவும் காஃப்காவும் வந்து நின்றுவிடுகிறார்கள்! அவர்கள் காலத்தில் இப்படி ஒரு படிப்பே கிடையாது, அப்புறம் எப்படிப் படித்திருப்பார்கள்? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்து விமர்சிக்கும் எழுத்துப் பட்டறை 1936-ல்தான் தொடங்கியது. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தில் 1970-ல். அங்கே படித்த நாவலாசிரியர் இஷிகுரோ 2017-ல் நோபல் வாங்கினார். அயோவாவில் படித்தவர் அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர்.

பிழைதிருத்தி:
நீங்கள் சொன்ன இரண்டும் முதுகலைப் படிப்புகள். தம்பி கேட்பது இளங்கலை. இஷிகுரோ இளங்கலையில் படித்தது ஆங்கிலமும் தத்துவமும். ஓ'கானர் படித்தது சமூக அறிவியல். இருவரும் முதலில் வேறொன்றில் ஊறிவிட்டு, பிறகு பட்டறைக்குப் போனவர்கள். உங்கள் உதாரணங்கள் பழைய ரேடியோ பக்கம்தான் பேசுகின்றன.

வேப்பம்பூ:
அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இளங்கலையில் இதைப் படிப்பது எழுத்தாளர் ஆவதற்கு என்று யார் சொன்னது? நான் இந்தப் பட்டம் படித்தவள், இன்றுவரை ஒரு கதைகூட அச்சில் வரவில்லை. ஆனால் வாசிக்கும் விதமே மாறிவிட்டது. ஒரு வகுப்பு சொல்கிறேன். சக மாணவி ஒருத்தி எழுதிய கதை. சாத்திய கதவுக்கு வெளியே நிற்கும் பையனின் பார்வையில் போகிறது. மூன்றாவது பத்தியில், அறைக்குள் அம்மாவின் முகம் வெளுத்துப்போனது என்று ஒரு வரி. பின்வரிசையிலிருந்து ஒருவன், "இதைப் பார்த்தது யார்?" என்று கேட்டான். அவ்வளவுதான். அவள் அந்த வரியை எடுத்துவிட்டு, உள்ளே தம்ளர் ஒன்று மேசையில் மெல்ல வைக்கப்படும் சத்தத்தைப் போட்டாள். கதை நிமிர்ந்துவிட்டது. நோக்குநிலை, அதாவது கதை யார் கண் வழியாகப் போகிறது என்பது பற்றி இலக்கியத் தாளில் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறோம். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

பழைய ரேடியோ:
நல்ல ஆசிரியர் அதை இலக்கிய வகுப்பிலேயே காட்டிவிடுவார். என் சந்தேகம் வேறு. கதைக்கு மதிப்பெண் எப்படிப் போடுவார்கள்? 62-க்கும் 68-க்கும் என்ன வித்தியாசம்? ஆசிரியருக்குப் பிடித்த மாதிரி எழுதப் பழகிவிட்டால், மூன்றாம் ஆண்டில் எல்லோர் கதையும் ஒரே அச்சில் வார்த்ததாகத்தானே இருக்கும்?

மாடிப்படி:
இந்தத் தாள்களைத் திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கதையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவது குறைவு. பெரும்பாலான இடங்களில் படைப்புத் தொகுப்போடு ஒரு விளக்கக் கட்டுரையும் கேட்போம்: எதை வாசித்தாய், எந்த வரைவில் எதை மாற்றினாய், ஏன். உண்மையைச் சொன்னால் அந்தக் கட்டுரைதான் படிப்பின் பலவீனமான பகுதி. கதை எப்படியோ வந்திருக்கும். காரணத்தைப் பிறகு உட்கார்ந்து கண்டுபிடிப்பார்கள். அந்த வாசனை இரண்டாம் பத்தியிலேயே வந்துவிடும். ஆனால் முதல் வரைவையும் கடைசி வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உழைத்தவர் யார் என்பது மறையாது. ஒரே அச்சு என்பதும் முழுப் பொய் இல்லை. நிகழ்காலத் தன்மை ஒருமையில், கடைசி வரியில் எதையும் சொல்லாமல் நழுவும் கதைகள் ஒரு பருவத்தில் எத்தனை வரும் தெரியுமா!

பிழைதிருத்தி:
பட்டறையில் எழுதியவர் வாயே திறக்கக் கூடாதாமே? பத்துப் பேர் கிழிக்கும்போது சும்மா உட்கார வேண்டும். அந்த வயதில் அதைத் தாங்குவது சுலபமா?

மாடிப்படி:
பழைய வழக்கம் அது. இப்போது பலர் மாற்றிவிட்டோம். எந்த இடத்தில் உதவி வேண்டும் என்று எழுதியவரே முதலில் சொல்லலாம். ஆனால் பத்துப் பேர் என்பது நல்ல எண்ணிக்கை. முப்பது பேர் இருந்தால் ஒரு பருவத்தில் உங்கள் கதை ஒரு முறை மேசைக்கு வந்தாலே பெரிது. முகில், கல்லூரிக்கு எழுதிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இரண்டாவது, மீதி இலக்கியத் தாள்களில் பழைய காலத்து எழுத்து எவ்வளவு இருக்கிறது என்பது. அதைக் குறைத்துவிட்டுப் பட்டறை மட்டும் நடத்தும் இடம் என்றால் வேண்டாம்.

பழைய ரேடியோ:
இதில் நானும் அவர் பக்கம். வேலைக்கு?

வேப்பம்பூ:
வெறும் ஆங்கில இலக்கியத்துக்கு என்ன வேலையோ அதேதான். பதிப்பகம், விளம்பரம், ஆசிரியப் பணி. பெரிய வித்தியாசம் இருப்பதாக நான் பார்க்கவில்லை.

முகில்:
இரண்டு கல்லூரிக்கும் எழுதிக் கேட்டுவிட்டேன். சேர்ந்த பட்டம் உள்ள இடத்தில் ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு பேர், சேரும்போதே நாம் எழுதியதில் ஒன்றை மாதிரியாக அனுப்ப வேண்டுமாம். பழைய ரேடியோ சார், ஒரு கதை வைத்திருக்கிறேன். அனுப்பினால் வாசிப்பீர்களா?

பழைய ரேடியோ:
அனுப்புங்கள். கிழிப்பேன்.