அளவு ஷூவுக்குப் பேட்டர்ன் வெட்டப் பழக வேண்டும், டைலரிங் தெரியும், எங்கிருந்து ஆரம்பிப்பது?

மாசிவீதி_பிளவுஸ்:

வணக்கம். மதுரை தெற்குமாசி வீதிப் பக்கம் பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். கட்டிங் நானேதான், வெளியே கொடுப்பதில்லை. இப்போது ஷூவுக்குப் பேட்டர்ன் வெட்டக் கற்றுக்கொள்ள ஆசை, கடை போடுவதற்கு இல்லை, தம்பிக்காக. அவனுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது பாதம் சிறுத்துவிட்டது. வலது 8, இடது 5. ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஜோடி வாங்கி ஜோடிக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு மீதியை அட்டத்தில் போடுகிறோம், அப்படி வாங்கியும் இடது ஷூ தொளதொளவென்றுதான் கிடக்கிறது, ஏனென்றால் நீளம் மட்டும் இல்லை, பாதத்தின் சுற்றளவும் குறைவு. தெரிந்த செருப்புக் கடைகளில் கேட்டால் சப்பல் என்றால் செய்து தருகிறோம், ஷூ வேண்டாம் என்று கையை விரிக்கிறார்கள்.

பிளவுஸுக்கு உடம்பளவு எடுத்து பிரவுன் ஷீட்டில் போடுவதைப் போலக் காலளவை எடுத்துப் பேப்பரில் போட முடியுமா? இல்லை, பழைய ஷூ ஒன்றைப் பிரித்து அந்தத் துண்டுகளை அப்படியே வரைந்துகொள்ளலாமா? மதுரையில் யாராவது சொல்லித் தருகிறார்களா? மாதக்கணக்கில் சென்னையில் போய் உட்கார முடியாது, கடையைப் பார்க்க ஆள் இல்லை.


உசிலை_பேட்டர்ன்:

அக்கா, நான் உசிலம்பட்டிக்காரன், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேட்டர்ன் ரூமில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். நீங்கள் கேட்ட ரெண்டு வழியுமே சரிவராது. ஷூவுக்குப் பேட்டர்ன் எடுப்பது காலில் இருந்து இல்லை, ஷூவை மேலே இழுத்துச் செய்கிற பாத வடிவக் கட்டையில் இருந்து. லாஸ்ட் என்கிற அந்தக் கட்டைக்குள் காலின் அளவெல்லாம் போய்விட வேண்டும், அதற்கப்புறம் காலை மறந்துவிட்டுக் கட்டையை மட்டும் பார்த்து வேலை செய்ய வேண்டும். கட்டை தப்பாக இருந்தால் பேட்டர்ன் எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் ஷூ தப்பாகத்தான் வரும். பழைய ஷூவைப் பிரித்தால் கிடைப்பது கட்டை மேல் இழுபட்டு, காலில் போட்டு இன்னும் இழுபட்டுப்போன தோல், அது தரையில் தட்டையாகவே உட்காராது. எத்தனை துண்டு, எது எதன் மேல் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளப் பிரித்துப் பாருங்கள், அந்த அளவுக்கு நல்லது.

முதலில் அளவு. தம்பியை நிற்க வைத்து, காலில் எடை இறங்கிய பிறகு, பென்சிலை நேர்க்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையுங்கள். பிறகு டேப்பால் சுற்றளவுகள்: கட்டைவிரல் மூட்டும் சுண்டுவிரல் மூட்டும் சேருகிற அகலமான இடம், அதற்குப் பின்னால் பாதம் ஒடுங்கும் இடம், மேல்பாதம், குதிகாலின் அடியில் இருந்து மேல்பாத மடிப்பு வரை சுற்றி ஒன்று. சாயங்காலம் எடுங்கள், காலையில் எடுக்கிற அளவு அரை நாளில் பொய்யாகிவிடும். கட்டையின் நீளம் பாதத்தைவிட 10 முதல் 15 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும், கூர்மூக்கு டிசைன் என்றால் இன்னும் வேண்டும்.

கட்டை புதிதாகச் செய்ய வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஓடி முடித்த மாடல்களின் பிளாஸ்டிக் கட்டைகள் கிடைக்கும், தெரிந்தவர்கள் மூலம் கேட்டுப் பாருங்கள். வலதுக்கு 8, இடதுக்கு 5. அந்த 5 மட்டும் ஆண்கள் கட்டையில் தேடாதீர்கள், பையன்கள் கட்டையில் பாருங்கள், சுற்றளவு ஒல்லியாக இருக்கும். கட்டை பாதத்தைவிடச் சின்னதாக இருந்தால் கவலை இல்லை, வேண்டிய இடத்தில் தோல் துண்டு ஒட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுற்றளவை ஏற்றிக்கொள்ளலாம், பெரிதாக இருந்தால் பிளாஸ்டிக்கைச் செதுக்கி இறக்குவது பெரும்பாடு.

டிசைன் டெர்பி எடுங்கள். குவாட்டர் (குதிகாலைச் சுற்றி வரும் பக்கத் துண்டு) ரெண்டும் வேம்ப்பின் (முன்பாதத்தை மூடும் துண்டு) மேலே உட்கார்ந்து முன்பக்கம் முழுசாக விரியும், கால் உள்ளே போக வசதி, லேஸில் இறுக்கித் தளர்த்தவும் நிறைய இடம். குவாட்டர் வேம்ப்பின் அடியில் போகிற ஆக்ஸ்ஃபோர்ட் அழகுதான், ஆனால் அதில் லேஸ் ஆரம்பிக்கிற தொண்டைப் பகுதியில் 2 மி.மீ. பிசகினாலும் ஊருக்கே தெரியும்.

கட்டை முழுக்க மாஸ்கிங் டேப்பை ரெண்டு அடுக்கு ஒட்டுங்கள், சுருக்கம் இல்லாமல். முன் நடுக்கோடு, பின் நடுக்கோடு, அடி விளிம்பு மூன்றையும் போடுங்கள். வெளிப்பக்கத்தில் டிசைனை வரையுங்கள். 8 சைஸுக்குக் குதிகால் பின்பக்க உயரம் சுமார் 6 செ.மீ., வெளிக்கணுக்கால் எலும்புக்குக் கீழே வரும் விளிம்பின் உயரம் 5 செ.மீ.க்குள். அந்த எலும்பில் விளிம்பு உரசினால் ஷூவை ஒரு மணி நேரம் போட முடியாது, அதனால் கட்டையில் கோடு போடுவதற்கு முன்னால் தம்பி காலில் எலும்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள், முக்கியமாக இடது காலில். பிறகு நடுக்கோடுகளில் பிளேடு விட்டு வெளிப்பாதி, உள்பாதி என்று டேப்பை உரித்து சார்ட் அட்டையில் ஒட்டுங்கள். அது தட்டையாகப் படியாது. அடி விளிம்பில் மட்டும் ஆங்காங்கே வெட்டு விட்டுப் படிய வையுங்கள், காலை நுழைக்கிற மேல் விளிம்பு நீளக்கூடாது, அது நீண்டால் குதிகாலில் ஷூ வாய் திறக்கும். ரெண்டு பாதிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவாக ஒரு கோடு எடுத்தால் அதுதான் அடிப்படை ஃபார்ம், மற்ற எல்லாத் துண்டும் அதில் இருந்து பிறக்கும். உள்பாதியும் வெளிப்பாதியும் ரொம்ப வித்தியாசப்பட்டால் அடி விளிம்பை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பின் நடுக்கோட்டில் மேல் முனையில் 2 மி.மீ. உள்ளே தள்ளுங்கள், ஷூ குதிகாலைக் கவ்வும். ஒட்டு சோல் என்றால் அடியில் இழுத்து மடக்க 15 முதல் 20 மி.மீ., ஒன்றன் கீழ் ஒன்று போகும் இடத்தில் 8, விளிம்பை மடித்து ஒட்ட 5, பின் தையலுக்கு ஒன்றரை முதல் 2. உங்களுக்குத் துணியில் தாராளமாகத் தையல் இடம் விட்டே பழக்கம், இங்கே 2 மி.மீ.க்கு மேல் விட்டால் குதிகாலில் முண்டு கட்டிவிடும். லைனிங்கைப் பின்னால் 2, 3 மி.மீ. குறைத்து, மேல் விளிம்பில் 3, 4 கூட்டி வெட்டுங்கள், தைத்த பிறகு மிச்சத்தைச் சீவி எடுத்துவிடலாம்.


ரிங்ரோடு_ராஜா:

யூடியூப்பில் எல்லாம் இருக்கிறதே, இதற்குப் போய் இவ்வளவு பெரிய கதையா. சின்ன ஷூவில் பஞ்சு அடைத்துக்கொண்டால் முடிந்தது.


உசிலை_பேட்டர்ன்:

ராஜா தம்பி, வீடியோ பார்க்க வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் அதில் ஒருத்தர் ஐரோப்பிய சைஸ் முறையான பாரிஸ் பாயிண்டில் சொல்வார், ஒருத்தர் இங்கிலீஷ் சைஸில் சொல்வார், பாரிஸ் பாயிண்ட் ஒரு சைஸுக்கு 6.67 மி.மீ., இங்கிலீஷ் சைஸ் 8.46. இது தெரியாமல் ரெண்டையும் கலந்தால் மூன்று சைஸ் தள்ளும்போது அரை செ.மீ.க்கு மேல் பிசகும். பஞ்சு விஷயத்தை நடக்கிறவரிடம்தான் கேட்க வேண்டும்.


மாசிவீதி_பிளவுஸ்:

ரொம்ப நன்றி தம்பி. சிம்மக்கல்லில் ஒருவரிடம் பழைய கட்டை ஒன்று வாங்கி வந்து டேப் ஒட்டி உரித்துவிட்டேன், வலது கால், 8. ஒரு சந்தேகம். வேம்ப் ஒரே துண்டு, அதனால் அட்டையை மடித்து மடிப்பில் வைத்துத்தானே வெட்ட வேண்டும்? மடிப்பு நேர்க்கோடு, ஆனால் ஃபார்மின் முன் நடுக்கோடு உள்பக்கம் குழிந்து நிற்கிறது. பிளவுஸ் என்றால் இந்த இடத்தில் ஒரு டாட் பிடித்துவிடுவேன். இங்கே என்ன செய்வது?


உசிலை_பேட்டர்ன்:

டைலர் கண்ணுக்குத்தான் இது முதலில் படும். டாட் வேண்டாம். குழிவு ஆழமாக இருப்பது மேல்பாதத்தில், டெர்பியில் அந்த இடத்துக்கு வேம்ப் போகாது, அங்கே நாக்கு தனித்துண்டு. வேம்ப்புக்கு வேண்டியது மூக்கில் இருந்து லேஸ் ஆரம்பிக்கிற இடம் வரைதான். மடிப்புக்கோட்டை லேஸ் ஆரம்பிக்கும் புள்ளியிலும் மூக்கின் மேட்டிலும் தொடுகிற மாதிரி ஃபார்மை வையுங்கள். மூக்கு நுனி கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும், அந்தச் சில மி.மீ. கூடுதல் தோலைக் கொறடால் இழுத்து அடியில் மடக்கும்போது சமாளித்துவிடலாம். தோல் இழுபட்டு அந்த வடிவத்திலேயே நின்றுவிடும், துணி நிற்காது, நீங்கள் டாட்டில் செய்கிற வேலையை இங்கே பாதி கொறடு செய்கிறது. நடுவில் தையலே இல்லாமல் மேல்பாதம் வரை ஒரே துண்டாக வரும் டிசைன்களில் தோலை நனைத்து முன்கூட்டியே வளைத்து ஆணியடித்துக் காயவைப்பார்கள், இப்போது அந்த வம்பு உங்களுக்கு வேண்டாம்.

முதல் டிரையல் ரெக்சினில். சோல் இல்லாமல், கட்டை மேல் இழுத்து ஆணி மட்டும் அடித்துப் பாருங்கள். லேஸ் கட்டும் ரெண்டு விளிம்புக்கும் நடுவே இடைவெளி மேலும் கீழும் ஒரே சீராக இருக்க வேண்டும். மேலே மட்டும் விரிந்தால் குவாட்டரின் சாய்வு தப்பு, வேம்ப்பைத் தொடாதீர்கள். ரெக்சின் தோல் அளவுக்கு இழுபடாது, அதனால் மூக்கில் சுருக்கம் விழுந்தால் உடனே பேட்டர்னைத் திருத்த வேண்டாம், ஒரு மட்டமான தோலில் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.


பேகம்பூர்_தோல்:

தோலைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் தலைமுறையாக இதே வியாபாரம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் திண்டுக்கல், ஒரு நாளில் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். திண்டுக்கல்லில் ஆட்டுத்தோல், செம்மறித்தோலைப் பட்டை போட்டுப் பதனிடுவது பழைய தொழில், ஆவாரம்பட்டை, கடுக்காய் எல்லாம் போட்டுச் செய்த ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் இங்கிருந்து வெளிநாட்டுக்கே போனது. அந்த மாதிரித் தோல் லைனிங்குக்கு அருமை, வியர்வையை இழுத்துக்கொள்ளும், மதுரை சித்திரை வெயிலில் ரெக்சின் லைனிங் போட்டீர்கள் என்றால் கால் வெந்துவிடும். அப்பருக்கு, அதாவது ஷூவின் வெளித்தோலுக்கு, குரோம் பதனிட்ட மாட்டுத்தோல், 1.2 முதல் 1.4 மி.மீ. கனம். லைனிங் 1 மி.மீ.க்குள்.

துணியில் நேர் இழை, குறுக்கு இழை பார்ப்பீர்கள் இல்லையா, தோலிலும் உண்டு, ஆனால் இடத்துக்கு இடம் மாறும். கையில் பிடித்து இழுத்துப் பாருங்கள், குறைவாக இழுபடும் திசை மூக்கில் இருந்து குதிகால் பக்கம் போக வேண்டும். முதுகெலும்பை ஒட்டிய பகுதி கெட்டி, வேம்ப் ரெண்டையும் அங்கே வெட்டுங்கள், குவாட்டர் அடுத்து, வயிற்றுப் பக்கத்துத் தோல் நாக்குக்கும் உள்ளே மறையும் துண்டுக்கும். வேம்ப்பை வயிற்றில் வெட்டினால் ஒரே மாதத்தில் ஷூ அகன்றுவிடும், ஜனங்கள் பேட்டர்ன் வெட்டியவரைத்தான் திட்டுவார்கள். ஒரு ஜோடிக்கு 2, 3 சதுர அடி அப்பர் தோல் வைத்துக்கொள்ளுங்கள், வடு, உண்ணி கடித்த இடம் தள்ளி வெட்ட வேண்டி வரும்.

உங்கள் துணி மெஷினில் இதைத் தைக்காதீர்கள். டிரையலைத் தைக்கலாம், தோல் என்றால் ஷூ தைக்கிற போஸ்ட் மெஷின் வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கொடுங்கள்.


பிசியோ_அண்ணாநகர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் மேடம். போலியோ என்று படித்ததால் எழுதுகிறேன். போலியோ தசையை இயக்கும் நரம்பைத்தான் கெடுக்கும், தொடு உணர்ச்சி அப்படியே இருக்கும். அதனால் எங்கே கடிக்கிறது, எங்கே அழுத்துகிறது என்று உங்கள் தம்பியே சரியாகச் சொல்வார், அவர் சொல்வதை நம்பித் திருத்தலாம். சர்க்கரை நோயிலோ தொழுநோயிலோ உணர்ச்சி போன காலுக்கு இந்த வழி ஆகாது, புண் வந்த பிறகுதான் தெரியும், அந்த மாதிரிக் கால்களுக்கு எம்.சி.ஆர். என்கிற நுண்துளை மென்ரப்பர் போட்ட செருப்பை டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். வேலூர்ப் பக்கம் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளுக்காகப் பாடுபட்டதில் வளர்ந்த விஷயம் அது.

ரெண்டு விஷயம் மட்டும் பாருங்கள். பாதம் சிறுத்திருந்தால் காலின் நீளமும் குறைந்திருக்கலாம். அரசு ராஜாஜி மருத்துவமனை எலும்புப் பிரிவில் காட்டி எத்தனை செ.மீ. குறைவு, எவ்வளவு உயர்த்தலாம் என்று கேட்டுவிட்டுக் கட்டை வாங்குங்கள். உள்ளே குதிகால் உயர்த்தினால் பாதம் ஷூவுக்குள் மேலே ஏறிவிடும், உங்கள் பின்பக்க உயரக் கணக்கு மாறும், உயரம் சோலில் வந்தால் மாறாது. இன்னொன்று, நடக்கும்போது பாதம் தொங்குகிறதா, காலில் பிளாஸ்டிக் பிரேஸ் போடுகிறாரா? போட்டால் அளவு பிரேஸோடு எடுங்கள்.


மாசிவீதி_பிளவுஸ்:

பிரேஸ் இல்லை சார், ஆனால் படி ஏறும்போது இடது மூக்கு தட்டும். கால் நீளமும் குறைவுதான், காட்டிவிட்டுச் சொல்கிறேன். உசிலைத் தம்பி, கடைசியாக ஒன்று. ஒன்று 5, ஒன்று 8, ரெண்டும் ஜோடியாகத் தெரிய வேண்டும் என்பது அவன் ஆசை. 5இன் மூக்கை நீட்டிவிடலாமா? சென்னையில் குறுகிய கோர்ஸ் ஏதும் உண்டா?


உசிலை_பேட்டர்ன்:

மூக்கு தட்டுகிற காலுக்கு நீட்டவே நீட்டாதீர்கள் அக்கா, கட்டையின் மூக்குத் தூக்கலை, அதாவது மூக்கு தரையில் இருந்து மேலெழும் அளவை, கொஞ்சம் கூட்டலாமா என்று பிசியோ சாரைக் கேளுங்கள். ஜோடியாகக் காட்டுவதற்கு டிசைன்கோடுகள் போதும். ரெண்டிலும் ஐலெட் (லேஸ் ஓட்டை) எண்ணிக்கை ஒன்றாக வையுங்கள், 5இல் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். லேஸ் ஆரம்பிக்கும் புள்ளி நீளத்தில் எத்தனை பங்கில் 8இல் வருகிறதோ அதே பங்கில் 5இலும் வரட்டும். பின்பக்க உயரத்தை மட்டும் பங்குபோட்டுச் சுருக்காதீர்கள், அதை அவர் கணுக்கால் முடிவு செய்யும். கண் முதலில் போவது மூக்கு வடிவத்துக்கும் தையலின் நிறத்துக்கும், அது ரெண்டிலும் ஒன்றாக இருந்தால் நீள வித்தியாசத்தை யாரும் சட்டென்று கவனிக்க மாட்டார்கள்.

கோர்ஸ் என்றால் கிண்டியில் சி.எஃப்.டி.ஐ. இருக்கிறது, மத்திய அரசின் காலணிப் பயிற்சி நிலையம், பேட்டர்னுக்குக் குறுகிய கால வகுப்பு எப்போது என்று நேரில் கேளுங்கள். இருங்காட்டுக்கோட்டை எஃப்.டி.டி.ஐ., அதாவது காலணி வடிவமைப்புக் கல்லூரி, வருஷக்கணக்கில் படிக்கிற பிள்ளைகளுக்கு, உங்களுக்கு அது வேண்டாம். முதலில் ஒரு டெர்பியை ரெக்சினில் முடித்து எடுத்துக்கொண்டு போனால் அங்கே கேட்க உங்களுக்குக் கேள்வி இருக்கும்.

அட்டையை வெட்டி முடித்ததும் ஒவ்வொரு துண்டிலும் இடது 5, வலது 8 என்று எழுதி வையுங்கள். உள்பக்கக் குவாட்டரின் அடி விளிம்பில், மடங்கி உள்ளே போகும் பகுதியில், ஒரு சின்ன ‘வி’ வெட்டு போடுங்கள். உள் குவாட்டரும் வெளிக் குவாட்டரும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், கூலிக்குத் தைப்பவர் மாற்றித் தைத்துவிட்டால் பிரிக்க முடியாது, தோலில் ஊசி போன ஓட்டை ஓட்டைதான்.